சிரைக்குள் இருப்பது கிளாட்டா, கட்டியா?

ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே சிகிச்சை செய்யும் எங்கள் டிஎஸ்ஏ லேபில் அன்றைய கேஸ்களைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவோம். பெரும்பாலும் ஒரே மாதிரி பட்டியல்தான். டயாலிசிஸ் நோயாளிக்கு பெர்ம்கேத் குழாய், கல்லீரல் கட்டிக்கு டேஸ் (கட்டிக்குப் போகும் தமனிக்குள் மருந்து விட்டு அதை அடைப்பது), சர்க்கரைக்காரர் காலில் அடைப்புக்கு பலூன், மஞ்சள் காமாலைக்கு பித்தக்குழாய் டிரெயினேஜ். எப்போதாவது ஒரு நாள்தான் "ஐவிசி மாஸ், டிரான்ஸ்ஜுகுலர் பயாப்சி" என்று ஒரு வரி விழும். பெருஞ்சிரைக்குள் கட்டி மாதிரி ஒன்று, கழுத்துச் சிரை வழியாகப் போய்ச் சோதனைக்குச் சதை எடுக்க வேண்டும் என்று அர்த்தம். போன வாரம் ஒரு ஜூனியர் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரத்தக்குழாய்க்குள்ள போய் எப்படிக்கா சதை எடுப்பாங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியைத் திருப்புவது, டை (ரத்தக்குழாய் படத்தில் தெரிய விடும் மருந்து) இன்ஜெக்டரைத் தயார் செய்வது, படம் எடுப்பது, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மைக்கில் சொல்வது, எடுத்த துண்டு விழும் பாட்டிலில் பெயர் ஒட்டுவது, இவைதான் என் வேலை. நோயாளிகள் எல்லோரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். நான் சொல்லும் நோயாளிகளின் ஊர், வயது போன்ற விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐவிசி என்றால் கீழ்ப் பெருஞ்சிரை. இரண்டு கால்களில் இருந்து வரும் சிரைகளும் அடிமுதுகில், ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் ஒன்று சேரும். அங்கே தொடங்கி முதுகெலும்பின் வலது பக்கமாகவே ஏறி, வழியில் சிறுநீரகச் சிரைகளை வாங்கிக்கொண்டு, கல்லீரலின் பின்பக்கத்தை ஒட்டிப் போய், இதயத்தின் வலது மேலறையில் திறக்கும். உடம்பிலேயே பெரிய சிரை இதுதான், சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம். இதற்குள் ஒன்று வளர்ந்தால் உடனே தெரியாது. ரத்தம் பக்கத்துச் சிறு சிரைகளில் வழி பார்த்துக்கொண்டு ஓடும். கால் வீங்கும்போதுதான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருவார். சிலருக்கு வயிற்றின் தோலில் சிரைகள் புடைத்துத் தெரியும்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து ஒரு பெரியம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, தோட்டத்து வேலை செய்த உடம்பு. இரண்டு காலும் வீங்கி, வேறொரு இடத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, தொடைச் சிரையில் கிளாட், அதாவது உறைந்த ரத்தம், என்று சொல்லி, ரத்தம் இளக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாசக் கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். வீக்கம் வடியவில்லை, முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. அங்கே பார்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கால் டாப்ளரில் தொடை வரை நன்றாகத் தெரியும். வயிற்றுக்குள் போனால் குடல் வாயு மறைத்துவிடும். தொடையில் கிளாட் இருந்தது நிஜம். அது ஏன் வந்தது என்பதற்கான பதில்தான் வாயுவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

எங்களிடம் டை போட்டு சிடி எடுத்தபோது ஐவிசி ஒரு இடத்தில் உப்பி நின்றது, சிறுநீரகச் சிரைகள் சேரும் இடத்தை ஒட்டி. கிளாட் என்றால் குழாயின் அளவுக்குள் அடைத்துக்கொண்டு இருக்கும், டையை வாங்காது. கட்டிக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் உண்டு, அதனால் டை ஏற ஏற படத்தில் வெளுக்கும். வளர வளரக் குழாயையும் விரிக்கும். எங்கள் ரேடியாலஜி டாக்டர் திரையில் விரலை வைத்து, "என்ஹான்ஸ் ஆகுது பாரு. இது வெறும் கிளாட் இல்ல" என்றார். அதற்குக் கீழே இருந்ததோ டை வாங்காத, அசல் கிளாட். கட்டி ஓட்டத்தைத் தடுத்ததால் தேங்கி உறைந்தது. இரண்டும் ஒரே குழாயில் ஒன்றின் மேல் ஒன்றாக. இந்த விஷயத்தில் ஆட்களைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான். "கிளாட்டா, கட்டியா" என்று கேட்கிறோம், இருப்பது இரண்டும்.

சரி, கட்டி என்று ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்குச் சதை எடுக்க வேண்டும்? பெரியம்மாவின் மகளும் இதைத்தான் கேட்டார். எந்தக் கட்டி என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். ஐவிசிக்குள் பார்க்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை அல்ல. சிறுநீரகப் புற்று சிறுநீரகச் சிரை வழியாக உள்ளே தலை நீட்டும், சிலருக்கு இதயம் வரையிலும் ஏறிவிடும். கல்லீரல் புற்று கல்லீரல் சிரை வழியாக வரும். அட்ரினல் சுரப்பியின் புற்று வரும். குழந்தைகளுக்கு வில்ம்ஸ் என்ற சிறுநீரகக் கட்டி. கர்ப்பப்பையின் தசைக்கட்டியே சிரைக்குள் புகுந்து இதயம் வரை வளர்வதும் உண்டு. அது நுண்ணோக்கியில் புற்றுநோயே இல்லை, ஆனாலும் இதயத்தின் வால்வில் போய் அடைக்கும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று என்றால் கத்தியே வேண்டாம், மருந்திலேயே கரையும்.

இவை எதுவும் இல்லாமல் சிரையின் சுவரில் உள்ள தசையிலேயே பிறக்கும் கட்டி ஒன்று இருக்கிறது. லையோமயோசார்கோமா. 1871-இல் பெர்ல் என்பவர் பிரேதப் பரிசோதனையில் கண்டு முதன்முதலில் விவரித்தார். இன்றுவரை மருத்துவ இலக்கியத்தில் பதிவானது சில நூறு பேர்தான். ஐம்பது அறுபது வயதுப் பெண்களுக்கு அதிகம். இதற்குக் கீமோவைவிட, சிரையின் அந்தப் பகுதியோடு சேர்த்து வெட்டி எடுப்பதே முக்கிய வைத்தியம். அப்படிப் பெரிய ஆபரேஷனுக்கு ஒருவரைக் கொண்டுபோகும் முன் பெயர் தெரிய வேண்டாமா?

ஆனால் எல்லோருக்கும் எடுப்பதில்லை. சிறுநீரகத்திலேயே பெரிய கட்டி தெரிந்து, அதன் வால் ஐவிசிக்குள் நீண்டிருந்தால் ஸ்கேனே போதும், நேராக ஆபரேஷன்தான். அப்படி ஒரு குடும்பம், "டெஸ்ட்டே பண்ணாம எப்படிங்க கிட்னிய எடுக்கச் சொல்றீங்க?" என்று எங்கள் வாசலில் நின்று சண்டை போட்டது. பயாப்சி செய்யாததும் சில நேரம் யோசித்து எடுத்த முடிவுதான் என்பதை விளக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. சொல்பவருக்கும் இல்லை, கேட்பவருக்கும் இல்லை.

எடுப்பது என்று முடிவானால், எந்த வழியாக? ஐவிசி உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. முன்னால் குடல், பின்னால் முதுகெலும்பு, இடது பக்கம் அயோர்ட்டா. கட்டி சிரைச் சுவரைத் தாண்டி வெளியே புடைத்திருந்தால் சிடியில் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக ஊசி விடலாம், விடுகிறார்கள். முழுக்க உள்ளேயே இருந்தால் ஊசி சிரையைத் துளைத்துத்தான் கட்டியைத் தொட வேண்டும். ரத்தம் இளக்கும் மருந்தில் இருப்பவருக்கு அந்த ஓட்டை வழியாக வயிற்றின் பின்பக்கம் ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது, அழுத்தவும் முடியாது. குழாய்க்குள்ளேயே போய்க் கடித்து எடுத்தால் கசியும் ரத்தம் அதே குழாயில்தான் கலக்கும். யோசனை புதிதில்லை. ரத்தம் உறையாத நோயாளிகளுக்குக் கழுத்துச் சிரை வழியாகப் போய்க் கல்லீரலில் சதை எடுப்பது பல வருஷங்களாகவே நடக்கிறது. அதே பாதைதான், இறங்கும் இடம்தான் வேறு.

பெரியம்மாவின் மகள் அடுத்துக் கேட்டது, எங்கள் வராந்தாவில் தினமும் யாராவது ஒருவர் கேட்பது: "குத்துனா பரவிடாதுங்களா?" வெளியில் இருந்து ஊசி விடும்போது, சில வகைக் கட்டிகளில், ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்வது மிக அரிதாக உண்டு. டாக்டர் அதை மறைக்கவில்லை. உள்ளே போகும் வழியில் தோலில் இருந்து கட்டி வரை அப்படி ஒரு தடமே இல்லை என்றார். "அதுக்காக ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். துணுக்கு ஏதாவது கழண்டு நுரையீரலுக்குப் போகலாம். ஆனா அந்தக் கட்டி எந்நேரமும் ரத்தத்துல நனைஞ்சுகிட்டேதானம்மா இருக்கு. நாங்க தொட்டாலும் தொடாட்டியும் ரத்தம் அது மேலதான் ஓடுது." மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கடித்து எடுக்கும் கருவியின் பெயர் பயாப்டோம். நீளமான மெல்லிய கம்பி, ஒரு முனையில் கத்தரிக்கோல் கைப்பிடி, மறுமுனையில் இரண்டு குட்டித் தாடைகள். இது சிரைக்கட்டிக்காகச் செய்யப்பட்டதில்லை, இதயத்துக்காகச் செய்தது. 1962-இல் ஜப்பானில் சகாகிபாராவும் கொன்னோவும் இதயத்தின் உட்சுவரில் இருந்து சதை எடுக்க இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் பிலிப் கேவ்ஸ் அதை மெல்லியதாக்கி, வலது கழுத்துச் சிரை வழியாக இறக்கினார். மாற்று இதயத்தை உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க அடிக்கடி சதை எடுக்க வேண்டியிருந்தது, அதற்குத்தான். இன்றைக்கும் அது கார்டியாலஜிக்காரர்களின் சொத்துதான். எங்கள் ஸ்டோரில் இருப்பு இருக்காது. முந்தின நாள் சாயங்காலமே பக்கத்து கார்டியாக் கேத் லேபுக்குப் போய், "சார், ஒரு பயாப்டோம் கொடுங்க, இன்டென்ட் போட்டுத் திருப்பிடறோம்" என்று கேட்டு வாங்கி வருவேன். முழங்கை போல வளைந்த முனை, நேரான முனை இரண்டும் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. எது பொருந்தும் என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும்.

கழுத்தா, தொடையா என்பது அடுத்த கேள்வி. கட்டிக்குக் கீழே கிளாட் இருந்தால் தொடை வழியாக வரக்கூடாது, கிளாட்டைக் கலைத்து நுரையீரலுக்கு அனுப்பிய மாதிரி ஆகிவிடும். கட்டி இதய மேலறை வரை நீண்டிருந்தால் கழுத்து வழியாக இறங்கும்போது முதலில் அதன் தலையில்தான் இடிப்போம், அப்போது தொடை வழி யோசிப்பார்கள். பெரியம்மாவுக்குக் கழுத்து.

மயக்கம் கொடுப்பதில்லை. மரத்துப்போக லிக்னோகெய்ன் மட்டும், தேவைப்பட்டால் லேசாகத் தூக்க மருந்து. நோயாளி பேசிக்கொண்டிருப்பதுதான் எங்களுக்கும் வேண்டும். பெரியம்மா மேஜையில் படுத்ததும் முகத்தைத் துணியால் மூடப்போகிறோம் என்று சொன்னேன். "ஏங்கண்ணு, கழுத்துல ஓட்டை போட்டா அப்பறம் சோறு எறங்குமா?" என்றார். "சோத்துக் குழாய் வேறங்க பெரியம்மா. முடிஞ்சதும் இட்லி தர்றோம்" என்றேன். "மல்லாக்கப் படுத்துட்டு எப்பிடி இட்லி திங்கறது" என்று துணிக்கு அடியில் இருந்து பதில் வந்தது.

தலையை இடது பக்கம் திருப்பி, வலது கழுத்தில் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்தால் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். அழுத்தினால் ஒன்று அமுங்கும், ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். அமுங்குவது சிரை. அதில் ஊசி, ஊசி வழியாக வயர். வயர் இதயத்தின் மேலறையைக் கடக்கும்போது முனை சுவரில் பட்டால் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடும். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஈசிஜி திரையைப் பார்ப்போம். டாக்டர் வயரைக் கொஞ்சம் பின்னால் இழுத்ததும் சரியாகிவிடும். நோயாளிக்கு நெஞ்சு படபடப்பது தெரியும். முன்னாலேயே சொல்லி வைத்திருந்தால் பயப்படமாட்டார்.

வயரின் மேலே ஷீத், கருவிகள் போய்வரும் உறைக்குழாய். 9 பிரெஞ்ச் என்றால் உள்ளே 3 மில்லிமீட்டர் வழி. பிரெஞ்ச் என்ற அளவு பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்த சாரியேர் வைத்தது, மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். நீளமான ஷீத்தாக இருந்தால் இதயத்தைக் கடந்து ஐவிசிக்குள்ளேயே அதன் வாய் நிற்கும். ஒவ்வொரு தடவையும் பயாப்டோம் இதயத்துக்குள் உரசாமல் ஷீத்துக்குள்ளேயே போய் வரும். நீளமான ஷீத் கையில் இல்லாமல் இந்தக் கேஸைத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி.

அடுத்து டை. ஐவிசியில் ரத்தம் மேல்நோக்கி ஓடுவதால், மேலே இருந்து விட்ட டை நிற்காமல் இதயத்துக்கு ஓடிவிடும், கட்டியின் தலை மட்டும் ஒரு கணம் நிழலாகத் தெரியும். அதனால் கட்டிக்கும் சிரைச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் மெல்லிய கத்தீட்டரைப் பதமாக இறக்கி, கீழே இருந்து டை விட்டார்கள். "உடம்பு சூடாகும், மூத்திரம் போன மாதிரி இருக்கும், போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க" என்பது நான் மைக்கில் மனப்பாடமாகச் சொல்லும் வாக்கியம். திரையில் டை இரண்டு பக்கமும் மெல்லிய கோடாக ஏற, நடுவில் வெள்ளையாக, நிறையாத ஒரு இடம். அதுதான் கட்டி.

இனி என் வேலை முக்கியம். நேராகப் பார்த்தால் ஷீத்தின் வாய் கட்டியைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். சி-ஆர்மைப் பக்கவாட்டில் திருப்பினால் அது சுவரை நோக்கி நிற்கும். எக்ஸ்ரே படத்துக்கு ஆழம் கிடையாது. இரண்டு கோணத்திலும் சரி என்று ஆன பிறகுதான் தாடையைத் திறக்கலாம். சில இடங்களில் இதற்காகவே சிரைக்குள் விடும் அல்ட்ராசவுண்ட் கத்தீட்டரும் வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் கருவி கட்டியைத் தொடுவதையே நேராகப் பார்க்கலாம். எங்களுக்கு சி-ஆர்ம்தான் கண். ஈய ஏப்ரனும் தைராய்டு காலரும் போட்டுக்கொண்டு, கதிர்வீச்சை அளக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் டிஎல்டி பேட்ஜை அதற்குள் நெஞ்சில் குத்திக்கொண்டு, திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும்.

பயாப்டோம் ஷீத்தின் வாயைத் தாண்டியதும் தாடை திறக்கும். முன்னால் தள்ளினால் ஏதோ தட்டும். மூடி, ஒரு இழு. சரியாகக் கடித்திருந்தால் இழுக்கும்போது திரையில் கட்டியின் நிழலும் கூடவே லேசாக அசைந்து, அப்புறம் விட்டுவிடும். கிளாட்டைக் கடித்தால் கைக்கு எதுவுமே தெரியாது, வெண்ணெயில் கத்தி போல வந்துவிடும் என்று எங்கள் டாக்டர் சொல்வார். நோயாளிக்கு வலிக்காது. சிலர் உள்ளே ஏதோ சுண்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்பார்கள்.

ஒவ்வொரு முறை கருவியை வெளியே எடுக்கும்போதும் ஷீத்தில் இருந்து ரத்தத்தைப் பின்னுக்கு இழுத்து, சலைன் விட்டுக் கழுவ வேண்டும். கழுத்துச் சிரை இதயத்துக்கு மேலே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து நோயாளி ஆழமாக மூச்சை இழுத்தால் காற்று உள்ளே உறிஞ்சப்படும். அதனால்தான் மைக்கில் நான் அடிக்கடி "மூச்சை நிறுத்துங்க" என்று கத்துவது. பெரியம்மா இரண்டாவது தடவையே, "எத்தன வாட்டி நிறுத்தறது, ஒரேடியா நிறுத்தச் சொல்லீருவியாட்ட இருக்குது" என்றார். டாக்டர் கருவியைப் பிடித்த கையோடு சிரிப்பை அடக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்த துண்டைப் பற்றி எழுதாமல் விடமாட்டேன், ஏனென்றால் இது யாரும் கற்றுத்தராத பகுதி. தாடைக்குள் ஒரு இரண்டு மில்லிமீட்டர் சதை இருக்கும். தாடையை அப்படியே ஃபார்மலின் பாட்டிலில் முக்கி உதறுவதுதான் சுலபம். செய்யவே கூடாது. அதே கருவி திரும்ப உடம்புக்குள் போகப்போகிறது. மெல்லிய ஊசி முனையால் துண்டை நெம்பி எடுத்து, சலைனில் நனைத்த காகிதத்தில் வைக்க வேண்டும். தாடையை ஹெப்பரின் கலந்த சலைனில் அலச வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் உறைந்து அடுத்த முறை சரியாக மூடாது. துண்டைக் காஸ் துணியில் வைத்தால் இழையில் ஒட்டிப் பிய்ந்துவிடும்.

காகிதத்தில் வைத்ததும் நிறம் சொல்லிவிடும். கிளாட் கறுஞ்சிவப்பாக இருக்கும், ஊசி முனையில் தொட்டாலே உதிரும். கட்டி வெளிர் சாம்பலாக, தொட்டால் முழுசாக உருளும். பெரியம்மாவுக்கு முதலில் வந்த இரண்டும் உதிர்ந்தன. ஷீத்தைக் கொஞ்சம் திருப்பி வேறு பக்கம் கடித்தபோது வெளிறிய துண்டு வந்தது. அங்கேயே நின்றுகொண்டிருந்த பேத்தாலஜி மேடம் அதைக் கண்ணாடி ஸ்லைடில் மெதுவாக உருட்டி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "சுழல் வடிவச் செல்கள் இருக்கு, மெட்டீரியல் போதும், இன்னும் ரெண்டு கொடுங்க" என்றார். ஆறேழு துண்டுகளோடு நிறுத்தினார்கள். கட்டியின் மேல் கிளாட் போர்த்தியிருப்பது சகஜம், ஒரே இடத்தில் ஒரு கடி போதாது.

எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடவும் கூடாது. லிம்போமா சந்தேகம் இருந்தால் செல்களை வகை பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். டிபி கல்ச்சர் பார்க்க வேண்டுமென்றாலும் அப்படித்தான், ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். சலைனில் ஒரு துண்டு தனியாகப் போகும். பெயரும் எண்ணும் பாட்டிலின் உடலில் எழுத வேண்டும், மூடியில் அல்ல. மூடிகள் மாறும்.

கழுத்தை அழுத்திப் பிடித்து, தலையை உயர்த்திப் படுக்க வைத்து, வார்டில் சில மணி நேரம் கண்காணிப்பு. மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். இட்லி கிடைத்தது.

ரிப்போர்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. சதையை வெட்டிச் சாயமேற்றினால் மட்டும் முடியாது, டெஸ்மின், எஸ்எம்ஏ போன்ற தசைப் புரதங்களைத் தேடும் தனிச் சோதனைகள் போக வேண்டும். லையோமயோசார்கோமா. அறுவை சிகிச்சைக் குழு ஐவிசியின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் செயற்கைக் குழாயைத் தைத்தது. ஆறு மாதம் கழித்து சிடிக்கு வந்தபோது காலில் வீக்கம் இல்லை. ஏசி குளிர் தாங்கவில்லை என்று ஸ்கேன் ரூமில் எங்களோடு சண்டை போட்டார்.

எல்லாக் கேஸும் இப்படிப் போகாது. இன்னொருவருக்கு வந்த துண்டுகள் எல்லாமே கிளாட் என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டார் சந்தோஷப்பட்டு இனிப்பு வாங்கிவந்தார்கள். ஸ்கேனில் டை வாங்கியதைப் பார்த்த டாக்டர் மட்டும் இனிப்பைத் தொடவில்லை. பயாப்சியில் "புற்று இல்லை" என்று வருவதும் "புற்று அகப்படவில்லை" என்று வருவதும் வேறு வேறு. பெட் சிடியில் அதிகம் எரியும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி போய், அந்த இடத்திலேயே கடித்தபோதுதான் பதில் கிடைத்தது. அவர்களிடம் இரண்டாவது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது.

இதயத்துக்கு மேலே இருக்கும் பெருஞ்சிரையில் அடைப்பு வந்தால் கதை வேறு. முகமும் கழுத்தும் வீங்கி, குனிந்தால் மூச்சு முட்டி வருவார்கள். பார்க்கவே பயமாக இருப்பதால் உடனே ஸ்டீராய்டு போடக் கை துறுதுறுக்கும். மூச்சே போகிற அவசரம் என்றால் வேறு வழியில்லை. அவகாசம் இருந்தால் சதை எடுத்துவிட்டுப் போடுவதுதான் நல்லது. காரணம், அடைப்பு லிம்போமாவாக இருந்தால் போட்ட ஸ்டீராய்டிலேயே கரைந்து, எடுத்த துண்டில் எதுவும் தெரியாமல் போய்விடும். அங்கே பெரும்பாலும் நெஞ்சுக்குள் சிரைக்கு வெளியே தெரியும் கட்டியில் இருந்தோ, கழுத்து நெறிக்கட்டியில் இருந்தோ எடுத்துவிடுவார்கள். சிரைக்குள் போக வேண்டி வருவது குறைவு.

இப்போது கிளாட்டைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை நிறைய நடக்கிறது. உறிஞ்சி வந்ததைக் கிண்ணத்தில் பார்த்துவிட்டு, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, குப்பையில் கொட்டுகிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் கோபம் வரும். அதில் வெளிறிய துணுக்கு ஒன்று கிடந்தாலும் பேத்தாலஜிக்கு அனுப்பலாமே. கிளாட் என்று எடுத்தது கட்டியாக இருந்த கேஸ்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. நுரையீரல் தமனியில் வரும் சார்கோமா கூட பல்மனரி எம்பாலிசம் (நுரையீரலுக்குப் போய் அடைத்த கிளாட்) என்று நினைத்து வைத்தியம் பார்க்கப்படுவது உண்டு. ஒரு ஃபார்மலின் பாட்டிலுக்கு என்ன பெரிய செலவு?

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை என்றால், ரத்தம் இளக்கும் மருந்து எது, கடைசியாக எப்போது போட்டது என்று தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நீங்களாகவே நிறுத்தாதீர்கள், எத்தனை நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பழைய ஸ்கேன் படங்கள் இருக்கும் சிடி வட்டை எடுத்துவாருங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) அளவு, சர்க்கரை மாத்திரை, டை ஒத்துக்கொள்ளாமல் போன அனுபவம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வேறு ஊருக்குக் கொண்டுபோய் இன்னொரு டாக்டரிடம் காட்டப் போகிறீர்கள் என்றால் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மட்டும் பத்தாது. பேத்தாலஜி லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும் தருவார்கள். அந்தக் குட்டி மெழுகுக் கட்டைக்குள்தான் எடுத்த சதை இருக்கிறது. போகும் இடத்தில் புதிதாக ஏதாவது சோதனை வேண்டுமென்றால் அதில் இருந்தே சீவிக்கொள்வார்கள், கழுத்தில் மறுபடி ஊசி வேண்டாம். ஒரு குடும்பம் அதை வாங்கிக் காரின் டேஷ்போர்டில் போட்டு, சித்திரை வெயிலில் சென்னை வரை ஓட்டிக்கொண்டு போனது. மெழுகு அது, இளகும். ஒரு டப்பாவில் போட்டு, நிழலில், கைப்பைக்குள் வையுங்கள்.